வாங்கியவன் அறியாத வாடகை

புதிதாக ஒரு லேப்டாப்பை வாங்கிவந்து, பெட்டியைப் பிரித்து முதன்முதலாகத் திறக்கின்றபோது, வாங்கியவர் கேட்காத, விரும்பாத, பெரும்பாலும் பெயர்கூட அறியாத மென்பொருள்கள் பலவும் அதனுள் ஏற்கெனவே இடம்பிடித்து அமர்ந்திருப்பதைக் குறித்து எவரேனும் குறை கூறினால், அதற்கென்று நம்மவர்கள் ஒரு சமாதானத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். இனாமாக வந்ததுதானே, இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டாமென்றால் அழித்துவிடலாம், அவற்றைப் போட்டுவிடுகிறவர்கள் கொடுக்கும் பணத்தினால்தான் லேப்டாப் இந்த விலைக்காவது கிடைக்கிறது, மேலும் ஒன்றும் தெரியாத பாமர ஜனங்களுக்கு எல்லாம் ஆயத்தமாக இருப்பது சௌகரியமல்லவா என்பதே அந்தச் சமாதானம். கடைக்காரர் சொல்லுகிறார், கல்லூரியில் படித்த பிள்ளைகள் சொல்லுகிறார்கள், கணினி விஷயத்தில் விவகாரம் தெரிந்தவர் என்று ஊரில் பெயரெடுத்தவர்களும் இதையே சற்று அலட்சியமான புன்னகையோடு சொல்லுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தின் ஒவ்வொரு கண்ணியும் பிழையானது என்பதும், அந்தப் பிழையின் நஷ்டம் முழுவதும் அதனைச் சுமக்கச் சற்றும் சக்தியில்லாதவர்கள் தலையில் போய் விழுகிறது என்பதுமே என் கட்சி.

கேரளத்து இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலைப் பற்றி வெளியுலகம் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் அரிக்கொம்பன் என்னும் யானையினால்தான். ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அந்த யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு வனத்துக்குக் கொண்டுபோனபோது, தொலைக்காட்சிகள் யாவும் எங்கள் ஊர்ப் பெயரை ஓயாமல் உச்சரித்தன. யானை போன பிறகு ஊரும் மறக்கப்பட்டது. இங்கே தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களிலும் ஏலத்தோட்டங்களிலும் வாழ்கிறவர்களில் மிகப் பலர் தமிழர்; ஒரு பக்கம் மூணாறு, மறுபக்கம் போடிமெட்டு இறங்கினால் போடிநாயக்கனூர்; ஒரு மின்சாதனம் வாங்குவதென்றாலும் பழுது பார்ப்பதென்றாலும், மழைக்காலத்தில் மண் சரியாமல் சாலை திறந்திருந்தால், இந்த இரண்டில் ஒரு திசையில் ஒரு பகலைச் செலவழித்தாக வேண்டும். தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடம் இணையத்துக்குப் போனபோதுதான் லேப்டாப் என்பது இங்கே வீட்டு உபயோகப் பொருளாயிற்று. மாநில அரசின் மகளிர் இயக்கமான குடும்பஸ்ரீயும் அரசுச் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.யும் சேர்ந்து நடத்திய வித்யாஸ்ரீ திட்டத்தில் மாதம் 500 ரூபாய் வீதம் முப்பது மாதம் சீட்டுக் கட்டி, 15,000 ரூபாய் லேப்டாப்பைப் பெறலாம் என்று ஏற்பாடாயிற்று. முப்பது மாதம் கட்டித் தீர்க்கப்பட்ட ஒரு பொருள், அக்குடும்பத்துக்கு எத்தனை பெரிய சொத்து என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இந்த விஷயத்தைப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

அத்தகைய ஒரு வீட்டில், மகளின் படிப்புக்கென்று கடையில் நேராக வாங்கிய லேப்டாப் ஒன்று, வந்து ஒரு மாதம் கழிந்ததும், திரையின் வலப்புறத்துக் கீழ்மூலையில் சிவப்புப் பட்டையோடு ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கையை எழுப்பத் தொடங்கிற்று. கணினி ஆபத்தில் இருக்கிறது, பாதுகாப்புக் காலாவதியாகிவிட்டது, இப்பொழுதே புதுப்பிக்கவும் என்பது அதன் சாரம். கீழே இரண்டு பட்டன்கள், பணம் கட்டுவதற்கு ஒன்று, பிறகு நினைவூட்டுவதற்கு ஒன்று. வேண்டாம் என்பதற்குப் பட்டன் இல்லை. “சார், மிஷின் கெட்டுப்போச்சு சார், செவப்பா என்னமோ வருது” என்று அந்தத் தகப்பனார் என்னிடம் சொன்னபோது, அது கெட்டுப்போகவில்லை, வியாபாரம் செய்கிறது என்று நான் விளக்கியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் இறங்கிப்போனார். கடையில் கிடைத்த பதில் இது: “அண்ணே, அது கூடவே வந்ததுண்ணே, சும்மாதான் கெடக்குது. வேணாம்னா எடுத்துறலாம், ஐநூறு ரூபா ஆகும்.” வித்யாஸ்ரீயில் சேர்ந்தவர்களுக்கு ஒரு மாதச் சீட்டுப் பணம் எவ்வளவோ, சும்மா வந்ததை அப்புறப்படுத்த இவருக்கு ஆன கூலியும் அவ்வளவே, பஸ் கட்டணமும் போன நாளின் கூலியும் தனிக் கணக்கு.

விலை மலிவு என்கிற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மற்றவையெல்லாம் அதன் நிழலில்தான் நிற்கின்றன. ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் விளையாட்டு விற்பவர்களும், தங்கள் சரக்கின் மாதிரியை ஒவ்வொரு கணினியிலும் வைத்து அனுப்புவதற்காகவோ, பிறகு சந்தா கட்டுகிறவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் பங்காகவோ, தயாரிப்பாளர்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆகவே நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கிய வீட்டின் ஓர் அறையை, விற்றவரே இன்னொருவருக்குக் குடிவிட்டு வாடகையைத் தாம் வாங்கிக்கொள்கிறார் என்று ஆகிறது. அந்த வாடகையில் நமக்குத் தள்ளுபடி கிடைக்கிறது என்று வாதிடுகிறவர்கள், எத்தனை ரூபாய் தள்ளுபடி என்று எந்தப் பில்லிலாவது காட்டட்டும். எந்தப் பில்லிலும் அப்படி ஒரு வரி கிடையாது. மாறாக, உண்மை தற்செயலாக வெளிப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சோனி நிறுவனம், தன் வயோ லேப்டாப் ஒன்றை இந்த மென்பொருள்கள் இல்லாமல் சுத்தமாகத் தருவதற்கு ஐம்பது டாலர் தனிக் கட்டணம் விதித்தது. ஜனங்கள் கூச்சலிட்டவுடன், ஓரிரு நாளுக்குள் கட்டணத்தை ரத்து செய்து அதையே இலவசமாகத் தர முன்வந்தது. ஐம்பது டாலர் உண்மையிலேயே நஷ்டமாகிற ஒரு தொகையாக இருந்திருந்தால், அத்தனை சுலபமாக அதைக் கைவிட்டிருப்பார்களா? 2012இல் மைக்ரோசாப்ட் தன் அமெரிக்கக் கடைகளில், வேறு கம்பெனிகள் செய்த கணினிகளைக் கொண்டுவந்து கொடுத்தால் 99 டாலருக்குக் குப்பையைக் களைந்து தருவதாக அறிவித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸை விற்றவரே, அதன்மேல் பிறர் ஏற்றிய சுமையை இறக்குவதற்குக் கூலி நிர்ணயித்தார் என்பதைக் காட்டிலும், ‘இனாம்’ என்ற பேச்சுக்குச் சரியான மறுப்பு வேறென்ன வேண்டும்?

இன்னும் விசேஷமான சான்று லெனோவாவிடமிருந்தே கிடைத்தது. புதுச்சேரியில் தொழிற்சாலை வைத்திருக்கிற, தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப் திட்டத்துக்கும் சரக்கு வழங்கிய அந்நிறுவனம், 2014 செப்டம்பர் முதல் தன் வீட்டு உபயோக லேப்டாப்புகளில் சூப்பர்ஃபிஷ் என்ற ஒரு விளம்பர மென்பொருளைப் போட்டு விற்றது. 2015 பிப்ரவரியில் அதன் வண்டவாளம் வெளிப்பட்டபோது, இந்த ஏற்பாட்டினால் தங்களுக்குக் கிடைத்த வருமானம் பொருட்படுத்தத்தக்கதல்ல, வாடிக்கையாளரின் அனுபவத்தை மேம்படுத்தவே அதைச் சேர்த்தோம் என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. வருமானம் பொருட்படுத்தத்தக்கதல்ல என்றால், அதனால் விலை குறைந்தது என்ற வாதம் அக்கணமே மடிந்துபோகிறது. விலை குறைந்தது என்றால், விளக்கம் பொய்யாகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை எதிர்க்கட்சியாரிடமே விட்டுவிடுகிறேன்.

சூப்பர்ஃபிஷ் செய்தது என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்பது அவசியம்; ஏனெனில் ‘இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன தீங்கு’ என்று கேட்கிறவர்களுக்கு அதுவே பதில். நாம் ஒரு வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது, அது அந்த வங்கியினுடையதுதான் என்பதற்கு பல உலாவிகளில் ஒரு பூட்டுக் குறி தோன்றுகிறது. அந்தப் பூட்டுக்குப் பின்னால் நம்பகமான ஸ்தாபனங்கள் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அந்த ஸ்தாபனங்களின் பட்டியல் கணினிக்குள்ளேயே உள்ளது. சூப்பர்ஃபிஷ், தன்னையும் அத்தகைய நம்பகமான ஸ்தாபனமென்று அந்தப் பட்டியலில் தானே எழுதிக்கொண்டது. பிறகு நீங்கள் எந்தப் பாதுகாப்பான தளத்துக்குப் போனாலும் நடுவில் புகுந்து, அந்தத் தளத்தின் உண்மைச் சான்றிதழை விலக்கித் தன் சான்றிதழை நீட்டி, உள்ளே செல்லும் விஷயத்தை வாசித்து, நீங்கள் பார்க்கும் பக்கத்தில் தன் விளம்பரங்களைச் செருகிற்று. இவ்வளவோடு நின்றிருந்தாலும் அது அக்கிரமமே. ஆனால் அந்தக் கையொப்பத்துக்கான ரகசியச் சாவி, விற்ற லேப்டாப்புகள் அனைத்திலும் ஒன்றேயாக, ஒவ்வொரு லேப்டாப்பின் உள்ளேயே கிடந்தது. ராபர்ட் கிரகாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் சில மணி நேரத்தில் அதைத் திறந்துகாட்டினார். அதற்கு வைத்திருந்த கடவுச்சொல், அந்த இடைமறிப்பு முறையை உருவாக்கிக் கொடுத்த கோமோடியா என்ற கம்பெனியின் பெயரேயன்றி வேறில்லை. அதாவது, ஒரு ரயில் நிலையத்திலோ தேநீர்க் கடையிலோ உங்களோடு ஒரே வைஃபையில் இருந்த எவனும், உங்கள் வங்கியாக வேஷம் போட்டிருக்கலாம். உங்கள் உலாவியும் பூட்டுக் குறியைக் காட்டி அதற்கு உத்தரவாதம் அளித்திருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, அதை நீக்கிவிடும்படி ஜனங்களுக்கு அறிவுறுத்த நேர்ந்தது. 2017 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் 32 மாநிலங்களோடும் லெனோவா சமரசம் செய்துகொண்டு, அம்மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டிற்று.

இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் திங்க்பேட் வரிசையில் இந்த மென்பொருள் போடப்படவில்லை என்று லெனோவாவே தெளிவுபடுத்தியது. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன. அவற்றுக்குக் கணினித் துறையென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். வந்தவுடனே துடைத்துவிட்டுத் தங்கள் ஏற்பாட்டைப் போட்டுக்கொள்கிறார்கள். கண்டுபிடிக்கத் தெரிந்தவனிடம் சுத்தமான சரக்கும், தெரியாதவனிடம் அசுத்தமான சரக்கும் போய்ச் சேருகிற இந்த ஏற்பாட்டைப் ‘பாமர ஜனங்களின் சௌகரியம்’ என்று வர்ணிப்பதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வேண்டாமென்றால் அழித்துவிடலாமே என்பார்கள். அழிப்பது அத்தனை எளிதென்றால், மக்காஃபியும் நார்ட்டனும் தங்கள் சரக்கை நீக்குவதற்கென்றே தனியாக ஒரு மென்பொருளைத் தயாரித்துத் தங்கள் தளங்களில் வைத்திருப்பானேன்? சாதாரண முறையில் நீக்கினால் முழுதாகப் போகாமல் மிச்சம் ஒட்டிக்கொள்கிற நிலைமை அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. மேலும், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற காவல் மென்பொருள் விண்டோஸுடனேயே வருகிறது. இந்த மாதக் கணக்கு மாதிரிச் சரக்கு உள்ளே இருக்கிறவரையில் அது ஒதுங்கிக்கொள்கிறது, மாதிரியை நீக்கினால் தானே காவலுக்கு வந்துவிடுகிறது. சூப்பர்ஃபிஷ்ஷை அந்நாளில் பல கணினிகளிலிருந்து களைந்ததும் அந்த டிஃபெண்டர்தான். ஆக, செலவில்லாமல் இருந்த காவற்காரனை நிறுத்திவைத்துவிட்டு, சம்பளம் கேட்கிறவனைக் கொண்டுவந்து நிறுத்தி, சம்பளம் தராவிட்டால் ஆபத்து என்று அவனையே கூவவும் விட்டிருக்கிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் பொறுமையாக அழித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஏதோ கோளாறு வந்து, தயாரிப்பாளர் கொடுத்த மீட்பு முறையில் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பினால், அநேக சந்தர்ப்பங்களில் அழித்தவை யாவும் புத்துயிர் பெற்று வந்துவிடுகின்றன. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. லெனோவாவின் சில மாடல்களில், விண்டோஸை முற்றிலும் துடைத்துப் புதிதாகப் போட்டாலும், கணினியின் அடிப்படைச் சிப்பிலிருந்தே தன் மென்பொருளை மறுபடி கொண்டுவந்து நிறுவுகிற ஓர் ஏற்பாடு இருந்தது 2015 ஆகஸ்டில் பரவலாகத் தெரியவந்தது. சூப்பர்ஃபிஷ் அவமானம் நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அதை நிறுத்துவதற்குத் திருத்தமும் வெளியிட்டார்கள். ‘அழித்துவிடலாம்’ என்று இன்னமும் சொல்லுகிறவர்கள், அதில் எந்தப் படிவரையில் இறங்கி அழிக்க வேண்டுமென்று ஒரு லயத்துக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு செலவும் உண்டு. பட்டணத்தார் அதைக் கவனிப்பதில்லை. அங்கே வீட்டுக்கு வீடு கேபிள் இணையம் இருக்கலாம். இங்கே அநேகமாக எல்லோருக்கும் இணையம் என்பது செல்போனின் ஹாட்ஸ்பாட். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபியோ இரண்டோ தருகிற ரீசார்ஜ். அதைத் தாண்டினால் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கி, ஒரு படம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். புதிய லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தவுடன், இந்த அழையாத மென்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. மாலையில் மகள் பாட வீடியோவைத் திறக்கையில் அன்றைய டேட்டா முடிந்திருக்கிறது. விண்டோஸில் இந்த இணைப்பை ‘மீட்டர்டு’, அதாவது அளவுக்குட்பட்டது, என்று குறித்துவைத்தால் ஓரளவு தடுக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டன் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே நாளாயிற்று.

முன்கூட்டியே மென்பொருள் போட்டுத் தருவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒலியும் திரையும் விசைப்பலகையும் வேலைசெய்வதற்கான டிரைவர் மென்பொருள்கள் வேண்டும். ஓர் உலாவியாவது இல்லாவிட்டால் இன்னோர் உலாவியைப் பெறுவதற்கு வழியில்லை. அதற்கப்பாலும், ஆயத்தமாகப் போட்டுத் தருவது உண்மையான சௌகரியமாக இருக்கக்கூடும் என்பதற்கு எங்கள் மாநிலத்துப் பள்ளிக்கூடங்களே சாட்சி. ஐ.டி.அட்.ஸ்கூல் என்ற பெயரில் 2001இல் தொடங்கி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய ஏற்பாட்டின் கீழ், கேரளத்துப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில் இயங்குகின்றன. ஜியோஜீப்ரா, லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் முதலியவை அதில் ஆயத்தமாக வருகின்றன. அவை பாடப்புத்தகத்தின் பாடங்களோடு பொருந்துபவை. தமிழ் வழி மாணவர்களுக்கும் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழில் உண்டு. 2019இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இவ்விதம் கட்டற்ற மென்பொருளைப் போட்டதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று கைட் கணக்குச் சொல்லிற்று. எத்தனை விலையோடு ஒப்பிட்டு அந்தக் கணக்கைப் போட்டார்கள் என்று தர்க்கம் செய்யலாம். தொகையில் பாதியைத் தள்ளிவிட்டாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் மென்பொருள் முன்கூட்டியே வருகிறது. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் பாடம் நடத்துகிறவர்கள், அவர்களுக்கு எவரும் வாடகை கொடுக்கவில்லை, முப்பதாம் நாள் எதுவும் சிவப்பாகக் கூவுவதில்லை. பள்ளியில் ஒரு பெண் எட்டாம் வகுப்பு முதல் நிம்மதியாகப் பயன்படுத்திய கணினிக்கும், அவள் வீட்டில் வாங்கிய கணினிக்கும் இருக்கிற வித்தியாசம் இதுவே.

அரசாங்கம் என்றால் எப்பொழுதும் யோக்கியமாகவே நடக்கும் என்றும் நான் கருதவில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கணினியை அறிமுகப்படுத்திய மகத்தான காரியம். ஆயினும் அந்த லேப்டாப்பின் மூடியில் அன்றைய முதலமைச்சரின் படமும் ஒட்டிக்கொண்டு வந்தது, அதையும் எவரும் கேட்டு வாங்கவில்லை. அண்மையில் இன்னும் பெரிய முயற்சி நடந்தது. 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியைத் தொண்ணூறு நாளுக்குள் எல்லாப் புதிய செல்போன்களிலும் போட்டே விற்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கும்படி இருக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களுக்கு உத்தரவிட்டது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்கவும் மோசடியைத் தடுக்கவும் அது உதவும் என்பதில் ஆட்சேபமில்லை. ஆனால் உதவுகிற பொருளானாலும் சொந்தக்காரனைக் கேட்காமல் உள்ளே வைப்பது முறையல்ல என்று நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பி, டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அன்று அரசாங்கத்தை எதிர்த்து அத்தனை ஆவேசமாகப் பேசிய கனவான்கள் பலர், அதே போனில் நீக்க முடியாதபடி கம்பெனிகள் வைத்திருக்கும் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

நீதிமன்றங்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டனவே என்று சிலர் கூறக்கூடும். உண்மைதான். சோனி லேப்டாப்பில் கூட வந்த மென்பொருளின் விலையைத் திருப்பிக் கேட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வழக்கில், 2016 செப்டம்பர் 7 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், மென்பொருளோடு சேர்த்துக் கணினியை விற்பது அந்த ஒரே காரணத்தால் நியாயமற்ற வியாபாரமாகிவிடாது என்றது. நம் நாட்டிலும், ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த போட்டி ஆணையம், முன்கூட்டியே போடப்பட்ட தன் செயலிகளை ஜனங்கள் நீக்குவதற்குக் கூகுள் தடையாக இருக்கக்கூடாது என்றும் கட்டளையிட்டது. மறு ஆண்டு மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, அந்தக் கட்டளையை மட்டும் வேறு சிலவற்றோடு ரத்து செய்தது. ஒரு காரியம் குற்றமாகாது என்று தீர்ப்பு வருவது ஒன்று, அந்தக் காரியம் நமக்கு உபகாரம் என்று நாமே போய்ச் சொல்லிக்கொண்டிருப்பது மற்றொன்று. நான் மறுப்பது இரண்டாவதை. தென்கொரிய அரசு 2014இலேயே, போனில் கூட வரும் அநாவசியச் செயலிகளை நீக்க வழிவிட வேண்டுமென்று நெறிமுறை வகுத்தது. அதனால் அந்நாட்டுப் போன் வியாபாரம் படுத்துவிடவில்லை.

நம்முடைய சட்டங்களிலும் இதற்குரிய இடம் இல்லாமலில்லை. எங்கள் ஏலக்காயைப் பொட்டலத்தில் அடைத்து விற்றால், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்தவர் பெயர், மாதம் எல்லாவற்றையும் வெளியே அச்சிட்டாக வேண்டும். கூடவே நாலு கல்லைப் போட்டு அடைத்து, வேண்டாதவர்கள் பொறுக்கிப் போடலாமே என்று எந்த வியாபாரியும் சமாதானம் சொல்ல முடியாது. லேப்டாப் பெட்டியின்மேல் விலை இருக்கிறது, மாதம் இருக்கிறது. உள்ளே எந்தெந்த மாதிரிச் சரக்கு இருக்கிறது, எத்தனை நாளில் அது பணம் கேட்கும், 256 ஜிபி என்று எழுதிய இடத்தில் எவ்வளவு வாங்கியவருக்கு மிஞ்சும் என்பது மட்டும் இல்லை. அந்தப் பட்டியலைப் பெட்டிமேல் அச்சிடவும், முதன்முறை கணினியைத் திறக்கும்போதே ஒவ்வொன்றையும் வேண்டும், வேண்டாம் என்று தமிழிலும் மலையாளத்திலும் கேட்கவும் கட்டளையிட்டால் போதும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குகிறவனை ஏமாற்றும் பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கின்றன. ஓயாமல் நச்சரிப்பது அதில் ஒன்று, விரும்பாததைச் செய்யும்படி கட்டாயப்படுத்துவது ஒன்று, சந்தாவில் சிக்கவைப்பது ஒன்று. கணினித் திரையின் மூலையில் தோன்றும் அந்தச் சிவப்புப் பட்டையை, வேண்டாம் என்பதற்குப் பட்டன் இல்லாத அதன் இரண்டு பட்டன்களோடு சேர்த்து, இந்த மூன்றுக்கும் எதிரே வைத்துப் பார்க்க ஆணையத்துக்குப் புதிதாக எந்தச் சட்டமும் தேவைப்படாது.